யாருடைய பணம்?

2018ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் கஜா புயல் கடலோர மாவட்டங்களைச் சிதைத்துவிட்டு, எங்கள் பழனி மலைத்தொடரின் மீதும் ஏறி வந்தது. மரங்கள் வேரோடு சாய்ந்து சாலைகளை அடைத்துக்கொண்டன. மின்சாரம் இல்லை. கொடைக்கானல் மலையில் நான் அப்போது பணிபுரிந்த சிற்றூர்ப் பங்கில் உருளைக்கிழங்குப் பாத்திகளிலெல்லாம் நீர் தேங்கி நின்றது. அந்த வாரத்தில் ஒரு மாலைப் பொழுது, மெழுகுவத்தி வெளிச்சத்தில் கல்லறைத் திருநாள் காணிக்கைக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தேன். வாசலில் ஆளரவம் கேட்டு நிமிர்ந்தேன். நனைந்த முக்காட்டோடு ஓர் அம்மாள் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், குடையை மடக்கியபடி ஓர் இளைஞர்.

அம்மாளை நான் நன்கு அறிவேன். பூண்டுக் காட்டிலும் பீன்ஸ் தோட்டத்திலும் கூலி வேலை செய்து பிழைப்பவர். இரண்டு பிள்ளைகள், மூத்தவள் அவ்வாண்டு பத்தாம் வகுப்பு. அவருடைய கணவரைச் செப்டம்பர் மாதத்தில்தான் நானே அடக்கம் செய்துவைத்தேன். இளைஞர் அடிவாரத்திலிருந்து வாரம் ஒரு முறை மலையேறி வரும் காப்பீட்டு ஏஜெண்ட். அவரும் நம்மவரே, ஞாயிற்றுக்கிழமைகளில் சில சமயம் எங்கள் கோவிலில் பூசை கண்டிருக்கிறார்.

“சாமி, ஒரு கடுதாசி வேணும்” என்றார் அம்மாள். என்ன கடிதம் என்று கேட்டேன். அவர் தலை கவிழ்ந்தார். விடை சொன்னவர் இளைஞர்தாம்.

“ரெண்டே வரி சாமி. இவங்க வீட்டுக்காரர் கடைசி வரைக்கும் நல்ல ஆரோக்கியமா இருந்தாரு, வாராவாரம் பூசைக்கு வந்தாரு, திடீர்னு நெஞ்சுவலி வந்து இறந்துட்டாரு. பங்குச் சாமியார் கையெழுத்தும் கோவில் முத்திரையும் இருந்தா கம்பெனியில மறுபேச்சுப் பேச மாட்டாங்க.”

அவர் நீட்டிய தாள்களைப் பார்த்தேன். மருத்துவப் பரிசோதனை கேட்காமல் கொடுக்கப்படும் ஆயுள் காப்பீட்டுப் பாலிசி அது. தொகை 5 இலட்சம் ரூபாய். பாலிசி எடுத்த மாதம் 2018 சனவரி. நோய் உண்டா என்று கேட்ட கேள்விகள் அனைத்துக்கும் எதிரே, ஒரே பேனாவால், “இல்லை” என்று எழுதியிருந்தது.

ஆனால் 2017 டிசம்பரிலேயே அந்த மனிதர் படுக்கையில் கிடந்தார். ஈரல் கெட்டு, மதுரையில் பார்த்துவிட்டு, இனிச் செய்வதற்கொன்றுமில்லை என்று வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். நான்தான் அந்தக் கற்படிகளை ஏறிப்போய் அவஸ்தைபூசுதல் கொடுத்தேன். அத்தெருவே முற்றத்தில் கூடி நின்று செபமாலை சொல்லிற்று. நோயாளி என்னிடம் ஒப்புரவில் சொன்னது எனக்கும் இறைவனுக்கும் உரியது. அதைப் பற்றி ஒரு சொல்லும் என் வாயிலிருந்து என்றும் வராது. ஆனால் அவர் நோயாய்க் கிடந்தார் என்பது இரகசியமன்று. ஊரறிந்த உண்மை அது.

“தம்பி, இது பொய்யல்லவா?” என்றேன்.

இளைஞர் சினங்கொள்ளவில்லை. சிறு பிள்ளைக்கு எடுத்துச் சொல்வதுபோல் பொறுமையாகவே சொன்னார்: “யாருக்கு நட்டம் சாமி? கம்பெனிக்காரன் பணம். கோடி கோடியாச் சேர்த்து வைச்சிருக்கான். ஒரு விதவைக்குப் போனா புண்ணியந்தானே?” சற்று நிறுத்திவிட்டு, “போன வருசம் கீழத்தெருப் பெரியவருக்கு நீங்களே எழுதிக் கொடுத்தீங்களே சாமி. இப்ப மட்டும் என்ன?” என்றார்.

அச்சொல் என்னைச் சுட்டது. ஆம், எழுதிக் கொடுத்திருந்தேன். நான் அப்பங்குக்கு வந்து இரண்டு மாதமே ஆகியிருந்த காலம். இறந்த பெரியவரை நான் உயிரோடு சரியாகப் பார்த்ததுகூட இல்லை. அவசரமாய்க் கேட்டார்கள், நோயின்றி வாழ்ந்த நல்ல மனிதர் என்று இரண்டு வரி எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தேன். துக்க வீட்டாருக்கு ஓர் ஆறுதல் கடிதம் எழுதுவதாகவே நினைத்துக்கொண்டேன். அது எதற்குப் பயன்படும் என்று கேட்கவில்லை. உண்மையா என்று விசாரிக்கவுமில்லை.

“நாளைக் காலைப் பூசைக்குப் பிறகு அம்மா மட்டும் வரட்டும்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. “கம்பெனிக்காரன் பணம்” என்ற சொல்லே செவியில் ஒலித்துக்கொண்டிருந்தது. உண்மையில் அது யாருடைய பணம்?

எங்கள் பங்கில் மரண சகாய நிதி ஒன்று உண்டு. மாதந்தோறும் குடும்பத்துக்கு இருபது ரூபாய். எவர் வீட்டிலேனும் சாவு நேர்ந்தால் பெட்டிக்கும் குழிக்கும் பந்தலுக்கும் அதிலிருந்து கொடுப்போம். அப்பெட்டியிலுள்ள பணம் யாருடையது என்று எவரும் கேட்டதில்லை. பீன்ஸ் பறித்தவளின் பணம், விறகு சுமந்தவனின் பணம் என்று எல்லாருக்கும் தெரியும். எவனாவது சாகாத தகப்பனைச் செத்ததாகச் சொல்லி அதிலிருந்து எடுத்தால், அவனை ஊர் என்ன சொல்லும்? காப்பீடு என்பதும் இதே பெட்டிதான். பெட்டி பெரிது, போட்டவர்களின் முகம் நமக்குத் தெரியாது. வேறுபாடு அவ்வளவே. முகம் தெரியாதவனிடம் திருடினால் அது திருட்டாகாது என்று ஏழாம் கட்டளையில் விலக்கு ஏதும் சொல்லப்படவில்லை.

மலையில் வாழும் நமக்கு இப்பெட்டியின் அருமை நன்றாகவே தெரியும். கொடைக்கானலில் 1860களில் எழுந்த சலேத் மாதா ஆலயத்துக்கு நம்மில் பலர் ஆகஸ்டுத் திருவிழாவில் நடந்து போகிறோம். 1846ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு மலைச்சரிவில் மாடு மேய்த்த இரு சிறுவர்க்குக் கண்ணீரோடு தோன்றிய அத்தாய், அழுகிப்போன உருளைக்கிழங்கைப் பற்றியும் அவர்களிடம் பேசினார் என்பதை எத்தனை பேர் அறிவோம்? விளைந்தது மண்ணுக்குள்ளேயே அழுகும் துயரம் மலைமக்களுக்கு எந்நாட்டிலும் ஒன்றே. 2016ஆம் ஆண்டு தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், தோட்டப் பயிர்களுக்கு உழவர் கட்ட வேண்டிய பங்கு காப்பீட்டுத் தொகையில் 5 விழுக்காட்டுக்கு மேற்போகாது. மிஞ்சிய பிரிமியத்தை மத்திய அரசும் மாநில அரசும் செலுத்துகின்றன. அதாவது, நாட்டு மக்கள் அனைவரின் வரிப்பணமும் அப்பெட்டியில் விழுகிறது. விதைக்காத நிலத்துக்கு அடங்கல் வாங்கி இழப்பீடு கேட்பவன், மெய்யாகவே பயிர் அழுகிய அடுத்த காட்டுக்காரனின் பங்கில் கைவைக்கிறான்.

இவ்வெண்ணங்களோடு, இளமையில் படித்த ஒரு வரலாறும் அன்றிரவு நினைவுக்கு வந்தது. சென்னைக்குப் போனவர்கள் அண்ணா சாலையில் எல்.ஐ.சி. கட்டடத்தைப் பார்த்திருப்பார்கள். 1959இல் திறக்கப்பட்ட அக்கட்டடத்தை அண்ணாந்து பார்க்காத நாட்டுப்புறத்தார் இல்லை. அந்த ஆயுள் காப்பீட்டுக் கழகம் பிறந்ததற்கே ஒரு மோசடி காரணமாய் இருந்தது. பாரத் இன்சூரன்ஸ் என்னும் தனியார் நிறுவனத்தில் மக்கள் கட்டிய பணத்தை அதன் தலைவரான தொழிலதிபர் ராமகிருஷ்ண டால்மியா தம் சொந்த வாணிகத்துக்குத் திருப்பிக்கொண்டதை, 1955ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து வெளிப்படுத்தினார். டால்மியா பின்னர் சிறை சென்றார். 1956இல் ஆயுள் காப்பீட்டுத் தொழில் முழுவதும் நாட்டுடைமையாயிற்று. 245 நிறுவனங்களும் சங்கங்களும் ஒன்றாக்கப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் எல்.ஐ.சி. உருவாயிற்று.

அத்தோடு தீர்ந்ததா? இல்லை. மறு ஆண்டிலேயே அப்பொதுப் பணத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய், ஹரிதாஸ் முந்த்ரா என்பவருக்குத் தொடர்புடைய ஆறு நிறுவனங்களின் பங்குகளில், உரிய குழுவைக் கலந்துகொள்ளாமலே போடப்பட்டது. 1957 டிசம்பரில் அதே உறுப்பினர் மீண்டும் எழுந்தார். பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம். சி. சாக்ளா பொதுமக்கள் முன்னிலையிலேயே விசாரணை நடத்தி, ஒரு மாதத்துக்குள் அறிக்கை தந்தார். 1958 பிப்ரவரியில், நம் மாநிலத்தைச் சேர்ந்த நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

இரண்டு முறையும் எழுந்து நின்ற அவ்வுறுப்பினர் பெரோஸ் காந்தி. அவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். ஆட்சி அவர் கட்சியுடையது. பிரதமர் அவருடைய மாமனார். வாய்மூடியிருக்க அவருக்கு இருந்த காரணங்களில் பாதிகூட நமக்கு இல்லை. முகம் தெரியாத இலட்சக்கணக்கான பாலிசிதாரர்களை அவர் தம் உறவினராக எண்ணினார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பெரியவர்கள் செய்த பெருமோசடிக்கும், ஓர் ஏழை விதவைக்கு வேண்டி எழுதும் இரண்டு வரிக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். நானும் அன்றிரவு கேட்டுக்கொண்டேன். விவிலியத்தில் கேகசியை நினைத்துப் பார்த்தேன். தொழுநோய் நீங்கிய நாமான் கொடுக்க வந்த காணிக்கையை இறைவாக்கினர் எலிசா மறுத்துவிட்டார். அவருடைய பணியாளனான கேகசியோ பின்னாலேயே ஓடிப்போய், எங்கள் வீட்டுக்கு இரண்டு ஏழை இளைஞர் வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு வேண்டும் என்று கதை கட்டி வெள்ளியும் ஆடையும் வாங்கிக்கொண்டான். நாமான் பெருஞ்செல்வர், அவருக்கு அது பொருட்டே அன்று. கேகசி சொன்ன காரணமும் இரக்கத்துக்குரியதே. ஆயினும் இல்லாத ஏழைகளைக் காட்டி வாங்கிய வெள்ளியோடு நாமானின் தொழுநோயும் அவனை வந்து ஒட்டிக்கொண்டது. ஏழையின் பெயரால் கேட்கப்படும் பொய்ப் பணம் பெரும்பாலும் ஏழையின் கைக்குப் போவதில்லை. இதை மறுநாள் காலையில் கண்ணாரக் கண்டேன்.

பூசை முடிந்து எல்லாரும் போன பிறகு அம்மாள் வந்து அமர்ந்தார். நான் எதுவும் கேட்குமுன்னே அழத் தொடங்கினார். பாலிசி எடுத்த யோசனை அவர்களுடையது அன்று. நோயாளி இருக்கும் வீட்டைத் தேடி அந்த ஏஜெண்டே வந்திருக்கிறார். முதல் அரையாண்டுத் தவணையைத் தாமே கட்டியிருக்கிறார். இரண்டாவது தவணைக்கு அம்மாள் காதுத் தோட்டை அடகு வைத்தார். கணவர் இறந்ததும், நிரப்பாத தாள்கள் நான்கில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கணவன் மனைவி இருவருடைய வங்கிக் கணக்குப் புத்தகங்களையும், அம்மாளின் ஏ.டி.எம். அட்டையையும் எடுத்துச் சென்றுவிட்டார். வரப்போகும் 5 இலட்சத்தில் அம்மாளுக்கு ஒன்றரை இலட்சம். எஞ்சியது ஏஜெண்டுக்கும் “மேலே இருப்பவர்களுக்கும்”.

“இதுபோல் இன்னும் எத்தனை வீடு அம்மா?”

அவர் விரல்விட்டு எண்ணினார். எங்கள் பங்கில் மூன்று. பக்கத்து ஊர்களில் எத்தனையோ தெரியாது என்றார். மூன்றில் ஒன்று கீழத்தெருப் பெரியவர் வீடு. அவருக்கு நெடுநாளாய்ச் சிறுநீரகக் கோளாறு இருந்ததாம். என் இரண்டு வரிக் கடிதத்தின் பொருள் அப்போதுதான் எனக்கு முழுவதும் விளங்கிற்று. அவர்கள் விரித்த வலையில் ஒரு கண்ணி என் கையாலேயே பின்னப்பட்டிருந்தது.

“அம்மா, நான் அந்தக் கடிதத்தை எழுத மாட்டேன். உங்களுக்காக நான் போய்ப் புகார் கொடுக்கவும் மாட்டேன். ஆனால் உண்மையை எழுத நீங்கள் துணிந்தால், கடைசி வரை கூட வருவேன்” என்றேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “ஒன்றரை இலட்சம் சாமி. பிள்ளை படிப்பு” என்றார். நான் என்ன சொல்வேன்? அறிவுரை கூறுபவனுக்குப் பசி இல்லை. கேட்பவருக்குப் பசி இருந்தது. எழுந்து பீடத்தருகே போய் முழந்தாளிட்டார். திரும்பி வந்தபோது, “அந்தப் பையனைக் காட்டிக் கொடுக்கிற மாதிரி ஆகாதா சாமி?” என்று மட்டும் கேட்டார்.

இக்கேள்வி நம் மக்கள் எல்லாரிடமும் உண்டு. காட்டிக் கொடுத்தல் என்றவுடன் நமக்கு யூதாசு நினைவுக்கு வருகிறான். ஆனால் யூதாசு குற்றமற்றவரைக் காட்டிக் கொடுத்தான். அதற்குக் கூலியும் வாங்கினான். பலருக்குத் தீங்கு நேர்வதைத் தடுக்க, கூலி ஏதும் வாங்காமல், தான் கண்ட உண்மையை உரியவரிடம் சொல்வது வேறு. இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பதுதான் வஞ்சகர்களுக்கு நாம் கொடுத்து வரும் பாதுகாப்பு. அதே வேளையில் எட்டாம் கட்டளையையும் மறத்தலாகாது. கண்டதைச் சொல்லலாம், ஐயப்படுவதை முடிந்த முடிபாகச் சொல்லலாகாது. உரியவரிடம் சொல்லலாம், தேநீர்க் கடையில் சொல்லலாகாது. முன்னது சான்று, பின்னது அவதூறு.

அம்மாள் எழுதினார். மகள் கைப்பட எழுத, தாய் கையெழுத்திட்டார். கணவர் எப்போது நோயுற்றார், ஏஜெண்ட் எப்போது வந்தார், படுக்கையில் கிடந்தவரைக் கண்ணால் பார்த்த பிறகே “இல்லை” என்று நிரப்பினார் என்பன போன்றவற்றை நாள் வாரியாக எழுதி, அந்நிறுவனத்தின் குறைதீர்க்கும் அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். என் கடிதமும் உடன் சென்றது. விசாரிக்காமல் முன்னொரு சான்று கொடுத்தேன், அதை நம்ப வேண்டாம் என்று எழுதினேன். அக்கடிதத்தில் கையெழுத்திடும்போது என் கை நடுங்கியது. ஆயரவர்களிடமும் நேரில் சென்று சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை, “முத்திரையைப் பூட்டி வையுங்கள்” என்று மட்டும் கூறினார்.

நாங்கள் செய்தது எத்தகையது என்பதைச் சட்டம் பயின்ற நண்பர் ஒருவர் பின்னர் விளக்கினார். வாசகர்களுக்கும் அது பயன்படும். 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு 2015இல் திருத்தப்பட்டது. அதன்படி, ஆயுள் காப்பீட்டுப் பாலிசி மூன்று ஆண்டுகளைக் கடந்துவிட்டால் எக்காரணத்தாலும் அதை நிறுவனம் கேள்விக்கு உள்ளாக்க இயலாது. மூன்று ஆண்டுக்குள் உண்மை மறைக்கப்பட்டது தெரியவந்தால் பாலிசியை நீக்கலாம். மறைத்தது மோசடி நோக்கத்தோடு அன்று என்றால், கட்டிய பிரிமியத்தை 90 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். இன்னொன்றும் உண்டு. பாலிசியை விற்கப் பேசி முடிப்பவர், அவ்வொப்பந்தத்தைப் பொறுத்தவரை நிறுவனத்தின் ஆளாகவே கருதப்படுவார். ஆகவே “ஏஜெண்டுதான் எழுதினார்” என்பது வெறும் சாக்குப்போக்கு அன்று. உண்மையாக இருந்தால், எடுத்துச் சொல்ல வேண்டிய செய்தி.

காப்பீட்டுத் துறையைக் கண்காணிக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஆணையம் 2013ஆம் ஆண்டில் மோசடிகளை மூவகையாகப் பிரித்துக் காட்டியது. பாலிசிதாரரோ இழப்பீடு கேட்பவரோ செய்வது ஒன்று. ஏஜெண்ட் போன்ற இடைநிலையினர் செய்வது மற்றொன்று. நிறுவனத்துக்குள்ளேயே ஊழியர் செய்வது மூன்றாவது. எங்கள் ஊரில் நடந்ததில் முதல் இரண்டும் கலந்திருந்தன. நாடெங்கும் பெரும்பாலும் அப்படித்தான் கலந்து நிற்கின்றன. உத்தரப் பிரதேசத்தில் பொய்யான வாகன விபத்து வழக்குகள் பெருகியபோது, அலகாபாத் உயர் நீதிமன்றம் 2015இல் சிறப்புப் புலனாய்வுக் குழு ஒன்றை அமைக்கச் செய்தது. வழக்கறிஞர்களே அவற்றில் சிக்கினர். ஏழை தனியாக இப்பொய்யைக் கட்டுவதில்லை. படித்தவன் ஒருவன் பின்னால் இருக்கிறான். படித்தவன் ஒருவன் சான்றும் எழுதித் தருகிறான். நானும் அப்படி ஒருவனாய் இருந்தேன்.

புகாரின் விளைவுகளையும் சொல்ல வேண்டும். நிறுவனத்தின் விசாரணை அதிகாரி இருமுறை மலையேறி வந்தார். அந்த ஏஜெண்டின் நியமனம் நீக்கப்பட்டது. காவல் நிலையத்தில் வழக்கும் பதிவாயிற்று. கீழத்தெருப் பெரியவர் வீட்டாரையும் விசாரித்தார்கள். அவர்கள் கைக்கு வந்திருந்தது மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் அவமானம் முழுவதும் அவர்களுடையதாயிற்று. அவ்வீட்டு மூத்த மகன் என்னை வழிமறித்து, “எழுதிக் கொடுத்ததும் நீங்க, எடுத்துச் சொன்னதும் நீங்க. நடுவுல நாங்க என்ன சாமி?” என்று கேட்டார். மறுமொழி என்னிடம் இல்லை. ஓராண்டுக் காலம் அக்குடும்பம் பூசைக்கு வரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவர்கள் வழக்கமாய் நிற்கும் தூணோரத்தைப் பார்ப்பேன். விசாரிக்காமல் போட்ட ஒரு கையெழுத்தின் விலை அந்த வெற்றிடம்.

விதவை அம்மாளுக்கு நேர்ந்தது வேறு. காவலர் மூலமாகக் கணக்குப் புத்தகங்கள் திரும்பி வந்தன. கணவருடைய புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த மகள், “இது என்ன சாமி, ஒவ்வொரு மே மாதமும் 330 ரூபாய் கழிச்சிருக்கு?” என்று கேட்டாள். 2015ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கிய பிரதம மந்திரி ஜீவன் ஜோதி பீமா யோசனை அது. அவ்வாண்டு வங்கிக்காரர் நடத்திய முகாமில், நல்ல உடல்நலத்தோடு இருந்த காலத்திலேயே, அம்மனிதர் கையெழுத்திட்டிருக்கிறார்; வீட்டில் சொல்ல மறந்துவிட்டார். அந்நாளில் ஆண்டுக்கு 330 ரூபாயாய் இருந்த பிரிமியம் 2022 முதல் 436 ரூபாய். 18 முதல் 50 வயதுக்குள் சேரலாம். எவ்வகைச் சாவாயினும் குடும்பத்துக்கு 2 இலட்சம் ரூபாய். ஏஜெண்டின் பைக்குள் கிடந்த புத்தகத்தில், அவர் தருவதாகச் சொன்னதைவிட மிகுதியான தொகை, எப்பொய்யும் இன்றி, அம்மாளுக்கு உரியதாய் இருந்தது. வங்கியில் விண்ணப்பித்தோம். சில மாதங்களில் கிடைத்தது.

உண்மைக்கு இறைவன் கொடுத்த கூலி இது என்று நான் எழுத மாட்டேன். அப்படி எழுதினால், கூலி கிடைக்காத வீடுகளில் உண்மை தோற்றதென்று பொருளாகிவிடும். அம்மாள் கையெழுத்திட்ட நாளில் இப்படி ஒரு பணம் இருப்பது அவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒன்றுமே கிடைக்காது என்று எண்ணித்தான் அவர் எழுதினார். இதை இங்கே குறிப்பதற்குக் காரணம், இதை வாசிக்கும் ஒவ்வொரு குடும்பமும் இன்றே தம் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதே.

மேலும் சில செய்திகளை நினைவிற் கொள்வது நலம். நிரப்பாத தாளில் ஒருபோதும் கையெழுத்திடாதீர்கள். உடல்நலம் பற்றிய கேள்விகளுக்கு நீங்களே விடை எழுதுங்கள், அல்லது எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வைப்புநிதி என்று சொல்லிப் பாலிசியை விற்பவர் உண்டு. பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாமென்று திருப்பிக் கொடுக்க இன்று உங்களுக்கு உரிமை இருக்கிறது. குறை ஏதேனும் இருப்பின் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுத்து, ஒப்புகை பெறுங்கள். அங்கு தீராவிடில் ஆணையத்தை 155255 என்ற எண்ணிலோ, 1800 4254 732 என்ற கட்டணமில்லா எண்ணிலோ அழைக்கலாம். ஒரு மாதத்தில் மறுமொழி இல்லையென்றாலும், கிடைத்த மறுமொழி முறையன்று என்றாலும், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். இது பாலிசிதாரரின் குறைக்கான வழி. ஏமாற்றுதல், பொய்ப் பத்திரம் ஆகிய குற்றங்களுக்குக் காவல் நிலையமே இடம். தொலைபேசியில் ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால் தாமதியாமல் 1930ஐ அழையுங்கள். “போனஸ் வந்திருக்கிறது, ஆணையத்திலிருந்து பேசுகிறோம்” என்று எவரேனும் அழைத்தால் நம்பாதீர்கள். ஆணையம் பாலிசி விற்பதுமில்லை, போனஸ் அறிவிப்பதுமில்லை.

ஏற்கெனவே பொய் சொல்லிப் பெற்றவர்கள் இதை வாசித்தால் மனம் தளர வேண்டாம். சக்கேயு தம் வீட்டில் ஆண்டவரை வரவேற்ற அன்றே, வஞ்சித்து வாங்கியதை நான்கு மடங்காய்த் திருப்புவதாகச் சொன்னார். நம்மிடம் நான்கு மடங்கு கேட்பார் இல்லை. எடுத்ததைத் திருப்பும் மனம் போதும். வழியைச் சேர்ந்து தேடலாம். உங்கள் பங்குக்குருவிடம் தயங்காமல் பேசுங்கள். அவரும் கையெழுத்துப் போட்டுத் தவறியிருக்கக் கூடியவரே.

இறுதியாக ஒன்று. ஏறக்குறைய ஏழு மாதங்களுக்குப் பின் அந்த நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. பாலிசி செல்லாது, ஆனால் அம்மாள் உண்மையைத் தாமாகவே தெரிவித்ததைக் கருதி, கட்டிய இரண்டு தவணைகளையும் திருப்பித் தருவதாக எழுதியிருந்தார்கள். பணம் வந்ததும் அம்மாள் தோட்டை மீட்டார். ஆனால் மறு ஞாயிறு ஒரு காகித உறையோடு என்னிடம் வந்தார்.

“ரெண்டாவது தவணைதான் சாமி நான் கட்டினது. முதல் தவணை அந்தத் தம்பி கட்டினது. இது யாருடைய பணம்?”

சட்டப்படி அது அவருடையதே என்றேன். அவர் உறையை எடுத்துக்கொள்ளவில்லை. அந்தத் தம்பி ஏமாற்றிச் சேர்த்த பணமாய் இருந்தால் அவருக்கும் அது உரியதன்று என்று இருவரும் பேசிக்கொண்டோம். கடைசியில் அவரே எழுந்து சென்று, மரண சகாய நிதிப் பெட்டியில் அதைப் போட்டுவிட்டு வந்தார்.

அக்குளிர்காலத்தில் அந்நிதியிலிருந்து முதலில் கொடுக்க நேர்ந்தது கீழத்தெரு வீட்டுக்குத்தான். பெரியவரின் மனைவி இறந்துபோனார். பெட்டி வாங்கவும் குழி வெட்டவும் பணம் எடுத்துச் சென்றேன். மூத்த மகன் வாங்கிக்கொண்டார். ஓராண்டுக்குப் பின் அன்றுதான் அவர் என்னோடு பேசினார். “பூசை எத்தனை மணிக்கு சாமி?” என்று கேட்டார்.